ஷேவிங் என்ற கட்டம்

தாம்பரம் மேற்கில், முடிச்சூர் சாலையில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த தோல் கிளினிக்கில் புஷ்பலதா வரவேற்பு மேசைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வருகிறவர்களின் பெயர், வயது, போன் நம்பர் வாங்க வேண்டும். டோக்கன் கொடுக்க வேண்டும். லேசருக்கு வந்தவர்கள் என்றால் ஒரு தாளில் இருக்கும் கேள்விகளைத் தமிழில் கேட்டு, இங்கிலீஷில் அச்சடித்த கட்டங்களில் டிக் போட்டு, கடைசியில் கையெழுத்து வாங்க வேண்டும். மொத்தம் பதினான்கு கேள்விகள். அவளுக்கு மனப்பாடம்.

மனப்பாடமாக இருந்ததுதான் வினையாகிப் போனது. கடந்த ஏழு மாதமாக அந்தக் கேள்விகளை அவளுடைய வாய் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தது.

ஏழு மாதத்துக்கு முன்னால், நாலாம் மாதம் முடிகிற நேரத்தில், அவளுக்குக் கரு கலைந்துபோனது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள், வீட்டில் மூன்று வாரம், அப்புறம் வேலைக்கு வந்துவிட்டாள். நன்றாகத் தேறிவிட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் அழாததால் அப்படிச் சொன்னார்கள். பல் பிடுங்க ஊசி போட்டபிறகு கன்னம் ஒரு மாதிரி இருக்குமே, தொட்டால் தொட்டது தெரியும், ஆனால் யாருடைய கன்னத்தையோ தொட்டது போல, அப்படித்தான் அவள் இருந்தாள். சாப்பிட்டாள், தூங்கினாள், டோக்கன் கொடுத்தாள்.

ஜெயப்ரியா வந்தது ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு. கோவளத்துப் பெண். இருபத்துநாலு வயது. கேளம்பாக்கத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற வேலை. துப்பட்டாவைத் தலையிலிருந்து கொண்டுவந்து தாடையைச் சுற்றிக் கட்டியிருந்தாள். போன வாரமே டாக்டர் சின்மயியைப் பார்த்துவிட்டுப் போயிருந்தாள். ஹார்மோன் பிரச்சினையால் தாடையிலும் மோவாயிலும் முடி. மாத்திரையோடு ஆறு முறை லேசர் என்று டாக்டர் எழுதியிருந்தார். அன்றைக்கு முதல் முறை.

புஷ்பலதா தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். சர்க்கரை இருக்கா, அலர்ஜி இருக்கா, வெயில்ல அதிகமா சுத்துவீங்களா. ஒன்பதாவது கேள்வி வந்தது.

"கடைசியா எப்ப முடி எடுத்தீங்க? எப்படி எடுத்தீங்க?"

"முந்தாநேத்து கூட எடுக்கல அக்கா, நேத்து தான். டாக்டர் சேவ் பண்ணிகினு வரச் சொன்னாங்க. அதான் கிரீம் போட்டு சேவ் பண்ணிக்கினேன்."

ஒன்பதாவது கேள்விக்கு ஆறு கட்டங்கள். ஷேவிங், த்ரெட்டிங், வேக்ஸிங், எபிலேட்டர், டெபிலேட்டரி கிரீம், ப்ளீச். கிரீம் போட்டு ஷேவ் என்றதும் புஷ்பலதாவின் கண்முன்னே வந்தது அவள் கணவன் காலையில் பிரஷ்ஷால் கன்னத்தில் நுரை பூசிக்கொள்வதுதான். ஷேவிங் என்ற கட்டத்தில் டிக் போட்டாள். டெபிலேட்டரி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. ஏதோ மெஷின் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட அந்தக் கட்டத்துக்கு டிக் விழுந்ததில்லை.

அந்த நேரத்தில் போன் அடித்திருந்தால் பழியை அதன்மேல் போட்டிருக்கலாம். அடிக்கவில்லை. கூட்டமும் இல்லை. இன்னொரு கேள்வி, 'என்ன கிரீம்?' என்று கேட்க அரை நிமிஷம் ஆகியிருக்கும். கேட்கத் தோன்றவில்லை. ஜெயப்ரியா கையெழுத்துப் போட்டாள். லேசர் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் கனகவல்லி வந்து அவளை உள்ளே கூட்டிப்போனாள். சற்று நேரத்தில், "எரியுது அக்கா" என்று உள்ளிருந்து ஜெயப்ரியாவின் குரல் கேட்டது. "முகம்னா கொஞ்சம் சுள்ளுன்னுதான் இருக்கும், பொறுத்துக்கோ" என்று கனகவல்லி சொன்னதும் கேட்டது.

*

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஜெயப்ரியா மறுபடி வந்தாள். கூடவே அவள் அம்மா முத்தாலம்மாள். கோவளம் கரையில் மீன் விற்கிறவள். படியேறி வந்த மூச்சு வாங்க நின்று, மகளின் துப்பட்டாவைத் தன் கையாலேயே விலக்கிக் காட்டினாள்.

"இன்னாமா பண்ணி வெச்சிக்கீறீங்க எம் பொண்ணு மூஞ்சிய?"

காத்திருந்த நாலு பேரும் பார்த்தார்கள். தாடையின் இரண்டு பக்கமும் தபால்தலை அளவில் சதுரம் சதுரமாக, தீய்ந்த பழுப்பு நிறத்தில் தடங்கள். மோவாய்க்குக் கீழே இரண்டு கொப்புளங்கள், ஒன்று உடைந்திருந்தது.

டாக்டர் சின்மயி உடனே அவர்களை உள்ளே கூப்பிட்டார். புஷ்பலதாவையும் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். புண்ணைத் துடைத்து மருந்து போட்டபடியே கேட்டார்.

"லேசருக்கு முன்னாடி முகத்துக்கு வேற ஏதாவது போட்டீங்களா?"

"கிரீம் தான் மேடம். முன்னாடி நாளு. முடி போறதுக்கு."

"எந்த கிரீம்?"

ஜெயப்ரியா போனில் ஒரு படத்தைக் காட்டினாள். இளஞ்சிவப்பு நிற ட்யூப். பூசி, பத்து நிமிஷம் வைத்திருந்து, பிளாஸ்டிக் கரண்டியால் வழித்து எடுக்கிற வகை. டாக்டர் அதைப் பார்த்துவிட்டுத் தாளைப் பார்த்தார்.

"இதுல ஷேவிங்னு இருக்கே. கீழ நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்க."

"நா கிரீம்னு சொன்னேன் மேடம். இந்த அக்காகிட்ட தான் சொன்னேன்." ஜெயப்ரியா திரும்பினாள். "அக்கா, சொல்லுக்கா. சொன்னேன்ல?"

புஷ்பலதாவுக்கு அந்த வாக்கியம் அப்படியே ஞாபகத்தில் இருந்தது. கிரீம் போட்டு சேவ் பண்ணிக்கினேன். அதில் பாதியை மட்டும் எடுத்துச் சொன்னாள்.

"ஷேவ்னுதான் சொன்னாங்க மேடம்."

சொல்லும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. குரல் நடுங்கவில்லை. அது அவளுக்கே கொஞ்சம் விசித்திரமாக இருந்தது.

"அப்போ எம் பொண்ணு பொய் சொல்றாளா?" என்று முத்தாலம்மாள் எழுந்தாள். "எயுதப் படிக்கத் தெரிஞ்சவங்க நீங்க சொன்னா நெசம், நாங்க சொன்னா பொய்யா? இங்கிலீஷுல எயுதி வெச்சிகினு, கையெழுத்து போடு கையெழுத்து போடுன்னா, அதுல இன்னா கீதுன்னு எம் பொண்ணு கண்டுச்சா?"

ஜெயப்ரியா எழுந்தாள். அம்மாவின் கையைப் பிடித்து, "வாம்மா, போலாம்" என்றாள். போகும்போது புஷ்பலதாவை ஒரு தரம் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. கடையில் செல்லாத நோட்டை யாராவது நீட்டினால் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

எல்லோரும் போனபிறகு டாக்டர் புஷ்பலதாவைக் கூப்பிட்டார்.

"புஷ்பா, உண்மையைச் சொல்லுங்க. கிரீம்ங்கற வார்த்தையை அவங்க சொன்னாங்களா?"

"இல்ல மேடம்."

டாக்டர் பெருமூச்சு விட்டுவிட்டு ஒரு வெள்ளைத்தாளில் தோலை ஒரு கோடாகவும், முடியை அதற்குள் இறங்கும் வேராகவும் வரைந்தார். "இனிமேல் இதைத் தெரிஞ்சுக்கிட்டுக் கேளுங்க. ஷேவிங்னா பிளேடு தோலுக்கு மேல இருக்கறதை வெட்டும். வேர் உள்ளயே இருக்கும். லேசருக்கு அதுதான் வேணும், சூடு அந்த வேர் வழியாத்தான் இறங்கும். த்ரெட்டிங், வேக்ஸிங், எபிலேட்டர், இது மூணும் வேரோட பிடுங்கறது. பிடுங்கிட்டு வந்தா லேசர் போட்டும் பிரயோஜனமில்லை. டெபிலேட்டரின்னா முடியைக் கரைக்கிற கிரீம். முடியைக் கரைக்கிற மருந்து தோலைச் சும்மா விடுமா? மேல் அடுக்கு ரணமா இருக்கும். மறுநாளே அது மேல லேசர் அடிச்சா இப்படித்தான்."

"டெபிலேட்டரின்னா கிரீமா மேடம்?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ரெண்டு வருஷமா டிக் போடறீங்க. தெரியாதா?"

"யாரும் சொல்லலை மேடம்."

"ஆமா" என்றார் டாக்டர். "நான் சொல்லலை."

*

புஷ்பலதாவின் வீடு இரும்புலியூரில். கணவன் குமரவேலின் குடும்பம் அந்த ஊரிலேயே பரம்பரையாக நெல் விளைவித்தவர்கள். வயலெல்லாம் மனையாகி, மனையில் வாடகை வீடுகள் எழும்பி, இப்போது குமரவேல் ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருந்தான். மாமியார் கங்கையம்மாள் கூடவே இருந்தாள்.

அன்று ராத்திரி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது புஷ்பலதாவுக்கு இன்னொரு தாள் நினைவுக்கு வந்தது. அவளுடைய டிஸ்சார்ஜ் சம்மரி.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, குமரவேலின் அண்ணன் அரிகிருஷ்ணன் அதைக் கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்தார். ஸ்பான்டேனியஸ் அபார்ஷன் என்று அதில் இருந்தது. முதல் வார்த்தை அந்த வீட்டில் யாருக்கும் புரியவில்லை. இரண்டாவது வார்த்தை எல்லோருக்கும் புரிந்தது. கங்கையம்மாள் படுக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்று ஒரே ஒரு தரம் கேட்டாள்: "மாத்திரை ஏதாவது போட்டியா?"

"நான் ஒண்ணும் போடலை அத்தை."

"அப்புறம் ஏன் அப்படி எழுதியிருக்கான்?"

புஷ்பலதாவுக்கும் அந்த வார்த்தை ஒரே அர்த்தத்தில்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் தப்பாக எழுதிவிட்டார்கள் என்று நினைத்தாள். போய்க் கேட்கிற தெம்பு இல்லை. வேலைக்குப் போகிற பெண், இப்போதைக்கு வேண்டாம் என்று கலைத்துவிட்டாள் என்ற பேச்சு குன்றத்தூரில் இருக்கும் நாத்தனார் வீடு வரைக்கும் போனது. குமரவேல் அவளிடம் எதையும் கேட்கவில்லை. மறுத்தும் யாரிடமும் பேசவில்லை. தாளை பீரோவில் வைத்துப் பூட்டினான்.

பீன்ஸ் நறுக்கி முடிந்தது. இப்போது தாள் என் பக்கம் இருக்கிறது, என்று நினைத்தாள். அந்தப் பெண் சொன்னது சொன்னதுதான், ஆனால் தாள் என் பக்கம். அப்படி நினைத்தபோதும் அவளுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அழுகை வரவில்லை. ஆனால் நாளைக்குக் கோவளம் போகவேண்டும் என்பது மட்டும், நாளைக்கு கேஸ் சிலிண்டர் பதியவேண்டும் என்பது போல, ஒரு வேலையாக மனதில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் போய், அங்கே பஸ் மாறிக் கோவளத்தில் இறங்கினாள். முத்தாலம்மாளைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. படகுகள் ஏற்றி வைத்திருந்த மணலுக்குப் பக்கத்தில், கிழிந்த பெரிய குடைக்கு அடியில், சங்கராவும் நெத்திலியும் பரப்பி உட்கார்ந்திருந்தாள். புஷ்பலதாவைப் பார்த்ததும் கையில் இருந்த கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"மீனு வாங்க வந்தியா, பேச வந்தியா?"

"பேசணும்."

"பேசணும்னா அப்டி தள்ளி நில்லு. யாவாரம் கெடுது."

புஷ்பலதா தள்ளி நின்றாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றாள். வெயில் ஏறியது. மீன் முழுவதும் தீர்ந்தபிறகு முத்தாலம்மாள் கூடையைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, "வா" என்று மட்டும் சொல்லி முன்னால் நடந்தாள்.

வீட்டில் ஜெயப்ரியா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் மருந்து வெள்ளையாகப் பூசியிருந்தது. புஷ்பலதாவைப் பார்த்ததும் துப்பட்டாவைத் தேடினாள். கிடைக்காமல், அப்படியே விட்டுவிட்டாள்.

"நீங்க கிரீம்னு சொன்னீங்க" என்றாள் புஷ்பலதா. உட்காரக்கூட இல்லை. "கிரீம் போட்டு சேவ் பண்ணிக்கினேன்னு சொன்னீங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆம்பளைங்க போடற ஷேவிங் கிரீம்னு நானா நினைச்சுக்கிட்டேன். திரும்பக் கேட்கலை. அப்புறம் டாக்டர் முன்னாடி ரெண்டு தடவையும் பொய் சொன்னேன்."

முத்தாலம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"பொய் சொன்னப்ப உனுக்கு ஒண்ணுமே தோணலியா?"

"தோணலை."

"இப்போ?"

புஷ்பலதா யோசித்தாள். இருக்கிறதைச் சொல்லலாம் என்று பட்டது. "இப்பவும் பெருசா ஒண்ணும் தோணலைம்மா. எனக்குக் கொஞ்ச நாளா எதுவுமே தோண மாட்டேங்குது. ஆனா நான் செஞ்சது தப்புன்னு தெரியுது. அது தெரியறதுக்கு எதுவும் தோணணும்னு இல்ல."

முத்தாலம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னாடி இது பேஜாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மன்னித்துவிட்டதாக அதற்கு அர்த்தமில்லை. வெயிலில் நின்றவளுக்குத் தண்ணீர், அவ்வளவுதான்.

"சேவ்னு ஏன் சொன்னீங்க?" என்று ஜெயப்ரியாவிடம் கேட்டாள் புஷ்பலதா. "நான் உங்களைக் குத்தம் சொல்லலை. தெரிஞ்சுக்கக் கேட்கறேன்."

"டாக்டர் சேவ் பண்ணிகினு வான்னாங்க. பிளேடு வெச்சா மீசை மாரி மொத்தமா மொளைக்கும்னு எல்லாரும் சொல்றாங்களே, அதான் பயம். இங்க அந்தக் கிரீமையும் சேவ்னு தான் அக்கா சொல்லுவோம். வூட்லயே பண்ணா எல்லாமே சேவ் தான். பார்லருக்குப் போய்ப் பண்ணா த்ரெட்டிங்கு." ஜெயப்ரியா மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தாள். "கரைல நிக்கிற பசங்க என்னியப் பாத்தா மச்சான்னு கூப்புடுவானுங்க. 'இன்னா மச்சான், வேலைக்கா?'ம்பானுங்க. அது நிக்கணும்னு தான் லேசருக்கு வந்தேன். இப்போ தீஞ்ச மூஞ்சின்றானுங்க."

புஷ்பலதா தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். "பிளேடு வெச்சா அடர்த்தியா வளராதாம். வெட்டின முனை மொட்டையா இருக்கறதால அப்படித் தெரியுமாம்."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தாள். நடந்தது முழுவதும், தேதியோடு, அவள் கையெழுத்தோடு. முத்தாலம்மாள் அதை மகளிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னாள். இரண்டு தரம் படிக்கச் சொன்னாள்.

"இத்தால உன் வேலை பூடுமா?"

"போகலாம்."

"பயமா இல்ல?"

"இல்லம்மா."

"அதுவும் தோணலியா?" என்றாள் முத்தாலம்மாள். சிரித்தாளா என்று சொல்ல முடியாது.

*

திங்கட்கிழமை புஷ்பலதா கிளினிக் திறந்தவுடன் டாக்டரிடம் போய்ச் சொன்னாள். டாக்டர் சின்மயிக்குக் கோபம் வந்தது.

"வீட்டுக்கே போய் எழுதிக் குடுத்துட்டு வந்துட்டீங்களா? என்கிட்ட முதல்ல சொல்லியிருக்கணும்."

"நீங்க சனிக்கிழமை கேட்டப்ப இல்லைன்னு சொன்னேன் மேடம். அதனால அவங்ககிட்ட முதல்ல சொல்லணும்னு பட்டுது."

டாக்டர் அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். பிறகு ஜெயப்ரியாவுக்குப் போன் செய்தார். தடுமாறித் தடுமாறித்தான் பேசினார், ஆனால் தப்பு எங்கள் பக்கம் என்பதைத் தெளிவாகச் சொன்னார். தழும்பு மாறும்வரை தானே பார்ப்பதாகச் சொன்னார். லேசர் அடிக்கும் முன் நீயாவது தோலைச் சரியாகப் பார்த்திருக்க வேண்டாமா என்று கனகவல்லிக்கும் திட்டு விழுந்தது. கனகவல்லி இரண்டு வாரம் புஷ்பலதாவோடு சேர்ந்து சாப்பிடவில்லை. வேலை போகவில்லை. ஆனால் இனி கேள்வித்தாளைத் தமிழில் எழுதி, டாக்டர் பார்த்து ஒப்புக்கொண்டபிறகுதான் புஷ்பலதா யாரையும் கேள்வி கேட்கலாம் என்று உத்தரவாயிற்று.

எழுத உட்கார்ந்தபோதுதான் எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. மயிர் என்று எழுதினால் சரியான தமிழ்தான், ஆனால் கையெழுத்துப் போடுகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். முடி என்றே வைத்தாள். டெபிலேட்டரி என்பதற்கு நேராக, 'முடியைக் கரைக்கும் கிரீம்: பூசி, பத்து நிமிஷம் வைத்து, வழித்து எடுப்பது' என்று எழுதினாள்.

புண்ணைக் காட்ட வாரம் ஒருமுறை வந்துகொண்டிருந்த ஜெயப்ரியாவிடம் அதைக் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். ஜெயப்ரியா முதல் இரண்டு வாரம் அவளோடு பேசவே இல்லை. மூன்றாவது வாரம்தான் தாளைக் கையில் வாங்கினாள்.

"வழிக்கிறதுன்னா பிளேடால வழிக்கிறதும் வழிக்கிறது தானே அக்கா?" என்றாள். "எங்கப்பா, மூஞ்சி வழிச்சிக்கினு வரேன்னு தான் சொல்லும். மறுபடியும் அதே பேஜாரு தான் ஆவும்."

உண்மைதான். 'துணியால் துடைத்து எடுப்பது' என்று மாற்றினாள். ஷேவிங்குக்கு நேராக, 'பிளேடு அல்லது ரேசர் மட்டும்' என்று எழுதினாள். த்ரெட்டிங், 'நூலால் பிடுங்குவது'. வேக்ஸிங், 'மெழுகு ஒட்டி இழுப்பது'. எபிலேட்டர், 'மெஷினால் வேரோடு பிடுங்குவது'. ப்ளீச்சுக்கு, 'முடி போகாது, நிறம் மட்டும் மாறும்'. ஜெயப்ரியா தாளைக் கோவளத்துக்கு எடுத்துப் போய் அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேரிடம் படித்துக் காட்டினாள். திருத்திக்கொண்டு வந்தாள். கிரீமின் ட்யூப் படத்தையும் போட வேண்டும் என்றாள். போட்டார்கள்.

தலைப்பில் புஷ்பலதா 'லேசர் முடி நீக்கம்' என்று எழுதியிருந்ததை டாக்டர் அடித்துவிட்டு 'முடி குறைப்பு' என்று எழுதினார்.

"லேசர்ல முடி குறையும், மெலிசாகும். மொத்தமா போகும்னு எழுதக்கூடாது. நிரந்தரமா போறதுன்னா ஒவ்வொரு வேருக்கா ஊசி வெச்சு கரண்ட் குடுக்கறது, எலக்ட்ரோலிசிஸ். அது நம்மகிட்ட இல்ல."

"வெளிய போர்டுல நிரந்தர முடி நீக்கம்னு இருக்கே மேடம்."

டாக்டர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். போர்டு இன்னும் அப்படியேதான் இருந்தது. தாள் மட்டும் மாறியது.

அன்று சாயங்காலம், கிளினிக்கில் கூட்டம் குறைந்தபோது, புஷ்பலதா பையிலிருந்து தன் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து டாக்டர் முன்னால் வைத்தாள். பீரோவிலிருந்து அன்று காலையில்தான் எடுத்திருந்தாள்.

"இந்த வரிக்குத் தமிழ்ல என்ன மேடம்?"

டாக்டர் படித்தார். படித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். இரண்டு வருஷமாக எதிரில் உட்கார்ந்திருக்கிறவளை அப்போதுதான் பார்ப்பதுபோல.

"தானாகக் கலைஞ்சதுன்னு அர்த்தம். கலைச்சாலும், தானா கலைஞ்சாலும், நாங்க டாக்டருங்க அபார்ஷன்னுதான் எழுதுவோம். முன்னாடி இருக்கற வார்த்தைதான் வித்தியாசம். ஏன், யாராவது..."

"வீட்ல கலைச்சதுன்னு நினைச்சுட்டாங்க."

டாக்டர் தன் லெட்டர்பேடில் தமிழில் இரண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் குத்திக் கொடுத்தார். 'கரு தானாகவே கலைந்தது. மாத்திரை போட்டோ வேறு வழியிலோ கலைக்கப்படவில்லை என்பதே இதன் பொருள்.'

வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் அதைக் கணவனிடமும் மாமியாரிடமும் கொடுத்தாள். குமரவேல் படித்துவிட்டுத் தாளை மேசையில் வைத்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அப்பவே யார்கிட்டயாவது கேட்டிருக்கலாம்ல?" என்றான். நீ கேட்டிருக்கலாம் என்றா, நான் கேட்டிருக்கலாம் என்றா, எதைச் சொன்னான் என்று தெரியவில்லை. பிறகு வாசலுக்குப் போய் ரொம்ப நேரம் நின்றான்.

கங்கையம்மாள், "அந்த டாக்டர் முதல்லயே தமிழ்ல எழுதித் தொலைக்க வேண்டியதுதானே" என்றாள். எழுந்து உள்ளே போய்க் குன்றத்தூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டாள். சமையலறையில் இருந்த புஷ்பலதாவுக்குக் கேட்டது.

"ஆமாண்டி. தானாத்தான் போச்சாம்."

போச்சு என்று சொல்லவில்லை. போச்சாம் என்றாள். ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்த புஷ்பலதா அதைக் கேட்டாள். மிளகாய் கருகுவதற்குள் அடுப்பை அணைத்தாள். இவ்வளவாவது ஆயிற்று என்று நினைத்தாளா, இவ்வளவுதானா என்று நினைத்தாளா, அவளுக்கே தெரியாது. அன்றைக்கு ராத்திரி குமரவேல் அவள் பக்கத்தில் படுத்து, இருட்டில், "பையனா பொண்ணான்னு சொன்னாங்களா?" என்று கேட்டான். இத்தனை மாதத்தில் அந்தக் குழந்தையைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி. "சொல்லலை" என்றாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

*

நாலு மாதத்தில் ஜெயப்ரியாவின் தடங்கள் மங்கின. இடது தாடையில் ஒன்று மட்டும், உற்றுப் பார்த்தால் தெரிகிற அளவுக்கு இருந்தது. இன்னும் ஆறு மாதத்துக்கு லேசர் வேண்டாம் என்றார் டாக்டர். அதற்கப்புறமும் வேண்டுமா என்று அவளே யோசித்துச் சொல்லட்டும் என்றார். மாத்திரையைத் தொடரச் சொன்னார்.

"அது வரிக்கும் இன்னா பண்றது அக்கா?" என்று வெளியே வந்து கேட்டாள் ஜெயப்ரியா. "கிரீமும் கூடாது, த்ரெட்டிங்கும் கூடாதுன்றாங்க."

"ரேசர்தான்."

"நீயே பண்ணிவுடேன். எனக்குக் கை ஆடுது."

மத்தியான இடைவேளை. கீழே மருந்துக்கடையில் பெண்கள் முகத்துக்கு வைக்கிற சின்ன ரேசர் ஒன்று வாங்கிக்கொண்டு இருவரும் மாடிக்கு வந்தார்கள். வாஷ்பேசின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு ஜெயப்ரியாவை உட்காரவைத்து, புஷ்பலதா ஒரு கையால் அவள் மோவாயைப் பிடித்துத் தோலை இழுத்துக்கொண்டாள். ஈரப்படுத்தி, முடி வளர்ந்த திசையிலேயே, மேலிருந்து கீழாக, அவசரப்படாமல் ரேசரை இறக்கினாள். தழும்பின்மேல் படாமல் சுற்றிக்கொண்டு போனாள். ஜெயப்ரியா கண்ணை இறுக மூடி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். புஷ்பலதாவின் விரல்களுக்குக் கீழே அவள் கழுத்து நரம்பு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கன்னம் வெதுவெதுப்பாக இருந்தது.

"ஆச்சு. கண்ணைத் திற."

"இவ்ளோ தானா?" ஜெயப்ரியா எழுந்து கண்ணாடியில் தாடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். தடவிப் பார்த்தாள். "இதுக்கா இத்தினி பேஜாரு?" என்று சிரித்தாள்.

புஷ்பலதாவுக்குச் சிரிப்பு வந்ததா என்று சரியாகத் தெரியவில்லை. வாய் விரிந்தது தெரிந்தது. பேசினில் ஒட்டியிருந்த குட்டி முடிகளைக் குழாயைத் திறந்து அலம்பிவிட்டாள். ரேசரை உதறி, மூடி போட்டு, ஜெயப்ரியாவின் பையில் வைத்தாள். கனகவல்லி உள்ளிருந்து, "டீக்குப் போறீங்களா? எனக்கும் ஒண்ணு, சர்க்கரை கம்மியா" என்று குரல் கொடுத்தாள். மூன்று டீ சொல்ல இருவரும் படியிறங்கினார்கள்.